வாய்க்காலைப் பார்க்க ஆள் வருகிறார்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு எல்லாம் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏதாவது குறை இருந்தால் ஒளிக்காமல் எழுது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உன் அத்தான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வாயே திறப்பதில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சுவரைப் பார்த்தபடியே இருப்பார். "காபி வேணுமா?" என்றால் ஒரு தலையாட்டல். "வேணாமா?" என்றாலும் அதே தலையாட்டல். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார். உடம்பில் இல்லையென்றால் வேறு எதில் என்று நான் யாரைப் போய்க் கேட்பது?

அப்படி இருந்த மனுஷன் போன மாதம் ஒரு நாள் எழுந்து பின்பக்கம் போனார். எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறதே, அதற்குள் இறங்கிவிட்டார். ஓடுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறேன், அது ஓடி எத்தனையோ காலம் ஆகிறது. துணி காயப்போடும் கம்பை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கரையில் போட்டார். யாரும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார் தேடறீங்க?" என்றார். பதில் வராத கடுப்பில் அவரும் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் பாதித் தெரு அதற்குள்தான்.

பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அசந்து தூங்கிக் குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டையைக் கேட்டு நான் அழுதேன். சிரிக்காதே.

இப்போது ஒரு சிக்கல். டியூஷன் டீச்சர் காலில் கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது. அதைப் பார்த்துப் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். பூட்ஸ், கையுறை, குப்பை அள்ளும் வலை, ஒரு தள்ளுவண்டி இவையெல்லாம் இருந்தால்தான் வருவார்களாம். ஊர்க்காரர்கள் தாங்களாகவே செய்கிற இந்த மாதிரி வேலைக்கு ஓர் அறக்கட்டளை நிதி தருகிறதாம். விண்ணப்பம் எழுத வேண்டும். நீதான் தொழிற்சாலைப் பண்டகசாலையில் நாள் முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவன். பணம் வந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் அவர் இறங்குவார். இல்லையென்றால் மறுபடி சுவர்தான். எனக்கு அவர் வேண்டும் தம்பி. அதற்குத்தான் பூட்ஸ்.

உன் அக்கா

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே இருவரும் நலம். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் பார்சலில் வருகிறது. அத்தானுக்கும் என் வணக்கத்தைச் சொல். பதில் வராது என்று தெரியும், இருந்தாலும் சொல்.

விண்ணப்பத்தை என்னிடம் விட்டுவிடு. நிதி கேட்பது ஒரு கலை அக்கா. நான்கு தலைப்பு, அதற்குள் உப தலைப்பு, ஒவ்வொன்றிலும் "நிலைத்தன்மை" என்று ஒருமுறையாவது வர வேண்டும். எங்கள் பண்டகசாலையில் ஒரு பெட்டி ஆணி கேட்டால்கூட எந்தச் சொல்லில் கேட்டால் மேலாளர் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தெரியும்.

அறக்கட்டளை சில கேள்விகள் கேட்டிருக்கிறது. பதில் எழுதி அனுப்பு. உங்கள் குழுவின் பெயர் என்ன? தலைவர் யார்? நோக்கம் என்ன? பயன் பெறுவோர் யார்? நிதி தீர்ந்த பிறகு பணியை எவ்வாறு தொடர்வீர்கள்?

அத்தானின் குறட்டையை விண்ணப்பத்தில் சேர்க்க முடியாது. மன்னித்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 25

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். தைலம் வந்தது. முழங்காலுக்குத் தடவினால் கண் எரிகிறது. நீங்கள் இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் உன் எழுத்து மெலிந்து தெரிகிறது.

உன் கேள்விகளை வைத்துக்கொண்டு என் தையல்கடையில் கூட்டம் போட்டோம். பெயருக்கே பொழுது போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் தன் கடைப் பெயரை வைக்கச் சொன்னார். "அப்ப வாய்க்காலுக்கு மாத்திரையும் நீங்களே குடுங்க" என்றார் டீச்சர். "வாய்க்கால் நண்பர்கள்" என்றார் ஒருவர். நண்பர்கள் இருந்திருந்தால் வாய்க்கால் இந்தக் கதிக்கு வந்திருக்குமா? பெயரை நீயே வைத்துவிடு.

தலைவர் மருந்துக்கடைக்காரர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நோக்கம், குப்பையை எடுப்பது. பயன் பெறுவோர், மூக்கு உள்ள எல்லோரும். நிதி தீர்ந்த பிறகு எப்படித் தொடர்வோம் என்று கேட்கிறார்களே, நிதி வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தோமோ அப்படித்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா?

உன் அத்தான் கூட்டத்துக்கு வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார். வந்தார் என்பதே எனக்குப் பெரிசு.

உன் அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நலம். என் எழுத்து மெலியவில்லை, பேனாதான் புதுசு.

விண்ணப்பம் போய்விட்டது. நகல் இணைத்திருக்கிறேன். தலைப்பு: "நீர்வழித்தட மீட்பும் சமூகப் பங்கேற்பும்: ஒரு நிலைத்தன்மை முன்னெடுப்பு." எங்கள் மேலாளரே படித்துவிட்டு, "இது என்னய்யா, புரியவே இல்லை, பிரமாதம்" என்றார்.

அடுத்து அவர்கள் நேரில் பார்க்க ஆள் அனுப்புவார்கள். தேதியை உங்களுக்கே தெரிவிப்பார்கள். தெரிந்ததும் எனக்கு எழுது. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன். அத்தானை நலம் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். எனக்கு முழங்கால் வலிகூட மறந்துவிட்டது. உன் வீட்டுக்காரியிடமும் உடனே சொல். வருகிற வியாழக்கிழமை வாய்க்காலைப் பார்க்க அறக்கட்டளையிலிருந்து ஆள் வருகிறார்கள்!

உன் விண்ணப்பத்தை டீச்சர் உரக்கப் படித்தார். எல்லோரும் கை தட்டினோம். நாங்கள் குப்பை அள்ளுகிறோம் என்று அதில் எங்கே வருகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. வருகிறவர்கள் முகம் சுளிக்கிற மாதிரி விடுவோமா? வீட்டுக்கு ஆள் வந்தாலே கூட்டிப் பெருக்கித்தானே உட்கார வைப்போம்? கழன்றுகொண்டவர்களும் ஓடி வந்தார்கள். வந்த ஆளை எல்லாம் உன் அத்தான் பழைய கண்டக்டர் விசிலை ஊதியே வேலை வாங்கினார். ஓர் ஊதலுக்கு வலப்பக்கம், இரண்டு ஊதலுக்கு இடப்பக்கம். பேச்சுதான் இல்லையே தவிர அதிகாரம் தூள் பறந்தது. கட்டில் கால், டயர், கிழிந்த மெத்தை, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் பக்கத்துக் காலி மனையில் மலையாகக் குவித்தோம். நகராட்சிக் குப்பை லாரி வந்து அள்ளுகிற வழியாகக் காணோம். கண்ணில் படக்கூடாது என்று கடையில் மிஞ்சிய துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு பெரிய திரை தைத்து முன்னால் கட்டிவிட்டேன்.

தண்ணீரில் இப்போது முகம் பார்க்கலாம். நான் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது.

உன் அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஐயோ, என்ன காரியம் செய்தாய்! வருகிறவர் அழுக்கைப் பார்க்கத்தான் வருகிறார். அழுக்கு இருந்தால்தான் பணம். மீதி இருப்பதையாவது தொடாதீர்கள். கடிதம் சேராது என்று தந்தியும் கொடுத்திருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றதைக் கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

அறக்கட்டளை அம்மா வந்தார். சின்ன வயசு, பெரிய பூட்ஸ். நல்ல பூட்ஸ், பார்க்கவே ஆசையாக இருந்தது. கரையில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நீங்க சொன்ன வாய்க்கால் எங்கம்மா?"

"இதுதாம்மா."

"இது நல்லாத்தானே இருக்கு?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா, ஒரு துரும்பு பாக்க முடியாது" என்றார். அந்த அம்மா பேனாவை மூடினார். கடைசியில் திரையைக் காட்டி, "இது அழகா இருக்கே, யாரு தச்சது?" என்றார். நான்தான் என்று பல்லைக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து உன் தந்தி வந்தது. தந்தி என்றதும் தெருவில் இருந்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். உனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். டீச்சர் அதற்குள் அழவே ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இரக்கம் வந்து, "குடுங்கம்மா, நான் படிக்கறேன். மனசத் தேத்திக்குங்க" என்று வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"சுத்தம் செய்யாதே. குப்பை அப்படியே இருக்கட்டும். அப்போதுதான் பணம். தம்பி."

நீ உயிரோடு இருக்கிறாய் என்று எனக்குச் சந்தோஷம். அதை வெளியில் காட்டவும் முடியவில்லை. அந்த அம்மா தந்தியை மடித்து என் கையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

உன் அத்தான் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

உன் அக்கா

மே 4

தம்பிக்கு,

ஆசிகள் எப்போதும் உண்டு, கோபமாக இருந்தாலும் உண்டு. ஏன் ஒரு வரி இல்லை? நீ தப்பு செய்தாய் என்று நான் எழுதினேனா? தந்தி கொஞ்சம் நீளம் என்றுகூடச் சொல்லவில்லையே.

அறக்கட்டளையிலிருந்து பதில் வந்துவிட்டது. "தேவை இருப்பதாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி. அடுத்த வரியில் உன் தந்தி. அதை நான் திரும்ப எழுத மாட்டேன்.

தலைவர் ஒரு யோசனை சொன்னார். எடுத்த குப்பையில் கொஞ்சத்தை மறுபடி வாய்க்காலில் தள்ளிவிட்டு, ஆளைத் திரும்பக் கூப்பிடலாமாம். "ஒரு ஓரமா மட்டும் சார், பார்வைக்கு" என்று உன் அத்தானிடம் கேட்டார். அவர் தலையாட்டினார். இந்த முறை எந்தத் தலையாட்டல் என்று ஊருக்கே விளங்கியது. தலைவர் செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. அவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். வாய்க்காலில் புதுசாக ஒரு பை மிதக்கிறது. ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிகிறது. பார்க்கிறார், எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. எழுது.

உன் அக்கா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, முகத்தைத்தான் வெளியில் காட்ட முடியவில்லை. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் தலையில் மண்ணை வாரிப் போட்டவன் நான். என் வீட்டுக்காரி, "மன்னிப்பக் கேட்டுட்டு விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். மன்னித்துவிடு அக்கா.

விஷயத்துக்கு வருகிறேன். பண்டகசாலையில் எங்களுக்கு ஒரே பாடம்தான். ஒரு பொருள் இங்கிருந்து போனால் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வாய்க்கால் காலி என்றால் அதிலிருந்தது எங்கே? உன் திரைக்குப் பின்னால்! அந்த அம்மா திரையைப் பாராட்டிவிட்டுப் போயிருக்கிறார், பின்னால் இருந்ததைப் பார்க்கவே இல்லை. லாரி வந்துவிட்டதா? வரவில்லையென்றால் அந்த லாரிக்காரனுக்குக் கோயில் கட்டலாம்.

அவர்களுக்கு எழுது. நான் எழுத மாட்டேன், எனக்குச் சுட்டுவிட்டது. நீ எனக்கு எழுதுகிற மாதிரியே எழுது. நிலைத்தன்மை வேண்டாம்.

உன் தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள், உனக்கும், "விஷயத்துக்கு வாங்க" என்று சொன்ன மகராசிக்கும். முழங்கால் வலிக்கிறது. தரையில் உட்கார்ந்து சிரித்து, அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை.

லாரி வரவில்லை! நான் எழுதினேன். "அம்மா, ஆள் வருகிறார்கள் என்று வீட்டைப் பெருக்கிவிட்டோம், எங்களுக்கு வேறு பழக்கமில்லை. பெருக்கிய குப்பையைத் திரைக்குப் பின்னால் ஒளித்தோம், அதுவும் எங்கள் பழக்கம்தான். ஒருமுறை வந்து பாருங்கள்" என்று. அந்த அம்மா நேற்று வந்தார். திரையை அவிழ்த்தேன். இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இவ்வளவும் இந்த வாய்க்கால்லயா இருந்துச்சு? வேற எங்கிருந்தோ கொண்டாந்து கொட்டினதா?"

தலைவர் ஆரம்பித்தார். "அம்மா, சமூகப் பங்கேற்பு என்கிற..." அந்த அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. போச்சு, இந்த முறையும் போச்சு என்று நினைத்தேன். உன் அத்தான் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தேன்.

என் கையை விடுவித்துக்கொண்டார். நேரே குவியலுக்குப் போனார். ஒரு வாளியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

"இது யாருது?"

தம்பி, அந்தக் குரல்! பேருந்தில் யாராவது பையை விட்டுவிட்டு இறங்கினால் கண்டக்டர் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவாரே, அதே குரல். தெருக்கோடி வரை கேட்டது. ஜன்னலெல்லாம் திறந்தது.

"இது யாருது? கேக்கறேன்ல? ஏறும்போது இருந்துச்சு, எறங்கும்போது விட்டுட்டீங்க. யாருது?"

அப்புறம் டீச்சர் மெல்ல, "எங்க வீட்டுதுதான் சார். பிடி உடைஞ்சிருச்சு" என்றார்.

"வந்து வாங்கிக்குங்க. அடுத்தது!"

மெத்தை, டயர், கட்டில் கால் என்று ஒவ்வொன்றாகத் தூக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் நெளிந்துகொண்டு வந்தார். யாரும் வராவிட்டால், "வண்டி நகராது!" என்று ஓர் அதட்டல். பிறகு ஒரு பெரிய தகரப் பலகை வந்தது. பழைய மருந்துக்கடைப் பலகை, பெயர் பளிச்சென்று தெரிகிறது. தலைவர் வானத்தைப் பார்த்தார். "தலைவரே, இது உங்க பேருல இருக்கு" என்றதும் தெருவே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்து ஒரு மூட்டை. உள்ளே முழுக்கத் துணிக் கிழிசல். நான் மெல்ல டீச்சர் பின்னால் ஒதுங்கினேன்.

"இது யாருது?" என்று என்னையே பார்த்தார்.

"என்னுதுதான்" என்றேன்.

"தெரியும். வாங்கிக்க" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார். நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் மறுபடி உள்ள போகாம இருக்கறதுக்காகவே பணம் குடுக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனார்.

உன் அக்கா

ஜூலை 1

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. எல்லோரும் சௌக்கியம். அங்கே இருவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எழுதிப் பழக்கமில்லை, டிக்கெட் கிழித்துத்தான் பழக்கம். பிழை இருந்தால் அனுசரித்துக்கொள்.

பணம் வந்துவிட்டது. பூட்ஸ் வாங்கும் பொறுப்பைத் தலைவரிடம் விட்டது தப்பு. எல்லாவற்றையும் தன் கால் அளவுக்கே வாங்கி வந்துவிட்டார். டீச்சர் உள்ளே துணி திணித்துக்கொண்டு நடக்கிறார். மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். தள்ளுவண்டி நல்ல வண்டி.

உன் அக்கா என்னைப் பற்றி உனக்கு எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவாள். பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டாள். எனக்காகத்தான் பூட்ஸ் என்று அவள் எழுதியபோது நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.

ஏன் பேசவில்லை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வேலை பார்த்த காலமெல்லாம், "உள்ள போங்க, எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் எழுந்தால், சொல்வதற்கு ஒன்றுமில்லை. கேட்பதற்கும் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது தப்பு. அப்புறம் நாளாக நாளாக, எப்படி ஆரம்பிப்பது என்று வெட்கம் பிடித்துக்கொண்டது.

யாரும் சொல்லாமல் நானே வாய்க்காலில் இறங்கினேன் என்று அவள் எழுதினாள். அன்றைக்கு நடந்ததை அவள் எழுதவில்லை. கடையில் யாருமில்லை, அவள் மட்டும் மெஷின் முன்னால், நான் அடுத்த அறையில் என் நாற்காலியில். "இதுக்கு எந்த நூல் போடலாம்?" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, என் மாதிரியே, "நீலம் போடு" என்றாள். "நீலம் எடுக்குமா?" "எடுக்கும், போடு." இப்படியே போனது. எனக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாக இப்படி என்று தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை மச்சான். அவள் கண்ணில் படாமல் எங்கேயாவது போக வேண்டும் என்று பின்பக்கம் போனேன். பின்பக்கம் வாய்க்கால்தான் இருந்தது. சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது, கம்பை எடுத்தேன்.

இதை அவளிடம் சொல்லாதே. நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் கூசிப்போவாள்.

இப்போது என் பதிலை நானே சொல்கிறேன். நேற்று ஒரு துணியைக் காட்டி எந்த நூல் என்று கேட்டாள். பச்சை என்றேன். "முன்னெல்லாம் கேட்டா நீங்க இதைவிட நல்லா சொல்வீங்க" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

உன் அத்தான்